வயிறு தள்ளின ஜன்னல்

மலையில் கார்த்திகை தீபம் ஏற்றுவதை என் அக்கா தனம் எண்பத்து மூன்று வரைக்கும் பார்த்ததே இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து அப்போதே பதினெட்டு வருஷம். மலையடிவாரத்திலேயே குடித்தனம். இருந்தும் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் எங்கள் சொந்தக்காரக் கூட்டம்தான். தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் முப்பது நாற்பது பேர் அவள் வீட்டில் வந்து இறங்குவார்கள். எல்லாரும் விரதம். தீபத்தைப் பார்த்த கையோடு இலை போட்டாக வேண்டும், வடை சூடாக விழ வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று முழங்கும்போது வீடு மொத்தமும் மொட்டை மாடியில் நிற்கும். அக்கா மட்டும் ஜன்னலே இல்லாத அந்த வாடகை வீட்டு அடுப்படியில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், கரி பிடித்த சுவரைப் பார்த்துக் கும்பிடுவாள். ஏற்றிய தீபம் பல நாள் எரியும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஏற்றுகிற அந்த நிமிஷத்துக்காகத்தானே ஜனம் ஊர் ஊராய் வருகிறது? "நீ தெனம் மலையப் பாக்கறவதானே" என்று சமாதானம் வேறு சொல்வார்கள். மாடிக்கு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து மூன்றில் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். மாமா அப்பாதுரை, அக்காவின் புருஷன், சொசைட்டி குமாஸ்தா. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர். கூடம் எத்தனை அடி, வாசல் எந்தப் பக்கம் எல்லாவற்றையும் அவருடைய அண்ணன் சக்கரபாணிதான் முடிவு செய்தார். அக்கா எதிலும் வாயைத் திறக்கவில்லை. அடுப்படி ஜன்னல் மட்டும் என் இஷ்டம் என்றாள்.

அடுப்படி அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில். மலையோ வீட்டுக்குத் தென்மேற்கே. தெற்குச் சுவரில் சாதாரணமாக ஒரு ஜன்னல் வைத்தால் எதிரே இருக்கும் வேலிக்காத்தான் புதர்தான் தெரியும். கம்பி போட்ட ஜன்னலில் தலையை நீட்டி எட்டிப்பார்க்கவும் முடியாது. அதனால் ஜன்னலே சுவரை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். கடைக்கால் போட்டிருந்த இடத்தில் என்னைக் கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டு, சுவர் வரப்போகும் கோட்டிலிருந்து ஒவ்வொரு சாணாக வெளியே நகர்ந்து பார்த்தாள். ஓரடியில் பக்கத்து வீட்டு மாடி மறைத்தது. இரண்டடியில் பாதி மலை. இரண்டரை அடியில், "வேதா, உச்சி தெரியுதுடி!" என்று கத்தினாள். அங்கேயே உட்கார்ந்து கோலமாவால் வரைந்தாள். நடுவில் நேராக ஒரு ஜன்னல், இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று, உள்ளே ஆள் உட்காருகிற அகலத்துக்கு ஒரு மேடை.

மேஸ்திரி இருசப்பன் கோலத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னாம்மா, ஜன்னலுக்கு வயிறு தள்ள வெக்கச் சொல்றீங்க? மாசமா கீதா அது?"

"ஆமா. வளைகாப்பு நான் பண்ணிக்கறேன், நீங்க கட்டுங்க."

அவர் சிரித்துவிட்டு, அடியில் கருங்கல் பலகையை நீட்டிக் கொடுத்தால் தாங்கும் என்றார்.

ஆவணியில் எங்கள் அப்பாவின் தெவசத்துக்கு அக்கா கீழ்பென்னாத்தூர் வந்தாள். நாலே நாள். திரும்பிப் போனபோது நானும் கூடப் போனேன். தெற்குச் சுவர் இடுப்புயரத்துக்கு நேராக ஏறியிருந்தது. கருங்கல் பலகை மணல் குவியலில் கிடந்தது.

சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தெற்கால வீடு வளரக் கூடாதும்மா. அது எமன் திசை. என் தம்பி ஆயுசு என்னாவறது?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

"அண்ணன் சொன்னாரு..." என்று இழுத்தார் மாமா.

அக்கா கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள்.

"பதினெட்டு வருஷமா பொகையில வெந்தேன், எந்த சாஸ்திரமாச்சும் வந்து என் கண்ணு என்னாச்சுன்னு கேட்டுச்சா? எமன் வரட்டும். வாசல் வழியாவே வரட்டும். நானே மோர் குடுத்து உக்கார வெக்கறேன்."

ஈரச் சுவர், நாலு குத்தில் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. இருசப்பன் மட்டும் போய்க் கருங்கல் பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

ஐப்பசியில் கிரகப்பிரவேசம். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று அந்த ஜன்னலைப் பார்த்தார்கள், வயித்து ஜன்னல் வீடு என்றே பேராகிவிட்டது. அடுத்த மாதம் தீபம். வழக்கம்போல நாற்பது பேர். ஆனால் புது வீட்டுக்கு மாடிப்படி இன்னும் கட்டவில்லை.

அதனால் என்ன செய்தார்கள்? ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மொத்தக் கூட்டமும் அடுப்படிக்குள் நுழைந்தது. "அட, இங்கருந்தே சூப்பரா தெரியுதே!" எமன் திசை என்ற சக்கரபாணிதான் முதல் ஆள். மேடையில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் மாமா. அவர்களுக்குப் பின்னால் அத்தை, சித்தி, பிள்ளைகள். சட்டென்று பார்த்தால் நானும் நுனிக்காலில் நின்று யார் தோளுக்கு மேலோ எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் கெட்டவள் நான்.

"தனம், வடை கருகுது பாரு" என்றார் சக்கரபாணி, திரும்பாமலே.

நான் திரும்பினேன். அக்காவுக்கு எங்கள் முதுகுகள்தான் தெரிந்தன. துணியால் பிடித்து எண்ணெய்ச் சட்டியை நிதானமாக இறக்கி ஓரமாக வைத்தாள். பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்து, எரிகிற விறகடுப்பில் அப்படியே கவிழ்த்தாள்.

சாம்பலும் புகையும் குப்பென்று எழும்பி, திறந்திருந்த அந்த ஜன்னலைப் பார்த்தே போயிற்று. நாற்பது பேரும் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினோம். அந்தப் புகையில் அரை நிமிஷம் நிற்க எங்களில் ஒருத்தருக்கும் தெம்பில்லை.

அவளுக்கு அது பழகிய புகை. நடந்து போய் மேடையில் ஏறி உட்கார்ந்தாள். வெளியே அரோகரா முழக்கம் எழுந்தது. அடுப்படி வாசற்படியில் நின்று நான் பார்த்தது புகைக்குள் கைகூப்பியிருந்த அவள் முதுகைத்தான்.

கொல்லையிலிருந்து சக்கரபாணி இருமலுக்கு நடுவே கத்தினார். "எல்லாரும் வெரதம் இருக்கறாங்கம்மா! வடை என்னாச்சு?"

அக்கா மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாவு இருக்குது, எண்ணெ இருக்குது. அடுப்ப மூட்டி நீங்களே சுட்டுக்கோங்க."