துவக்குக்கு நான் கொடுத்த நற்சாட்சி

உலகப் போரில் பாவித்துக் கழித்த ராணுவத் துவக்குகளை அப்போது ஒக்லாந்தில் ஒரு சைக்கிளை விட மலிவாக விற்றார்கள். என் கணவரின் வேலைத்தலத்து நண்பர்கள் ஞாயிறுதோறும் அவற்றால் அட்டையில் குறிபார்த்துச் சுடுவார்கள். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர்களின் வீட்டில், அதுவும் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில், துவக்கா? எனக்கு நித்திரை போயிற்று.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. லைசென்ஸ் கொடுக்குமுன் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து மனைவியையும் விசாரிப்பார். "எனக்கு விருப்பமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகி வைத்தேன்.

கதவைத் திறந்தால் சீருடை. யாழ்ப்பாணத்தில் ஆண்களைப் பிடித்துப்போக வாசலில் சீருடை வந்து நின்றால் சொல்வதற்கென்று எங்களுக்கெல்லாம் ஒரு பாடம் மனப்பாடம். வாய் தானாகவே அதை ஒப்பித்தது.

"ஐயா, அவர் மிகவும் நல்லவர். ஒரு வம்புக்கும் போகமாட்டார். ஓர் எறும்பைக்கூடக் கொன்றதில்லை. தயவுசெய்து நம்புங்கள்."

போலீஸ்காரர் நெகிழ்ந்து போனார். தேநீர் குடித்து, இவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"என்ர அம்மாகூட என்னைப் பற்றி இப்பிடிக் கதைச்சதில்லையப்பா," என்றார் இவர்.

"பேசாமல் இருங்கோ."

லைசென்ஸ் வந்தது, துவக்கும் வந்தது. முதல் ஞாயிறு நானும் கூடப் போய்க் காருக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். மாலையில் இவர் கொண்டுவந்த அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை. நான் போலீஸுக்குப் பொய் சொல்லவில்லை என்று அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.