சுண்ணாம்புக் கோட்டுக்குள் போன அண்ணன்

அமைச்சர் வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் ரோட்டோரமாகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். அந்த வருஷம் அவர் வந்தது ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு சைக்கிள் பாதை போட அடிக்கல் நாட்ட. மேடையில் ஒரு பெரிய காகிதத்தைப் பிரித்துக் காட்டி, பிளான் தயார் என்றார். நாங்களும் கை தட்டினோம்.

மறுநாள் காலையில் முதல் ஷிப்டுக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில் இருந்ததைத்தான் சைக்கிள் பாதை என்று நினைத்துவிட்டார்கள். என் அண்ணனும்தான். அவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டினான். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய், துணிக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவான்.

"பாத்தியா, நமக்குன்னு தனி ரோடு உட்டுட்டானுங்க" என்றான்.

பின்னால் வந்த அவன் கூட்டாளி கத்தினான். "மாமே, கோட்டத் தாண்டாத! லாரிக்காரன் கோச்சுக்குவான்!"

மழையில் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. பழக்கம் கரையவில்லை. அந்த ஓரத்திலேயே வரிசையாகப் போனார்கள். ஆவடி தாண்டியதும் அந்த ஓரத்தில் மூடி இல்லாத சாக்கடை இருந்தது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ரோடும் சாக்கடையும் ஒரே தண்ணீராகக் கிடந்தபோது ஷிப்டு முடிந்து தனியாக வந்த அண்ணன் சைக்கிளோடு உள்ளே போய்விட்டான். ஆள் சொல்லி நான் ஓடியபோதுதான் தூக்கினார்கள்; உயிர் இல்லை. அவன் வாயில் இருந்த சேற்றை என் தாவணியால்தான் துடைத்தேன்.

போலீஸ்காரர் கேட்டார்: "ரோடு இவ்ளோ அகலமா கீதே, இவன் எதுக்கு ஓரமா போனான்?"

அந்தச் சாக்கடையை மூடுவதாக பிளானில் இருந்ததா, இல்லையா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். இருந்தால், தெரிந்தே மூடாமல் விட்டிருக்கிறார்கள். நகராட்சி ஆபீசுக்குப் போனேன். கிளார்க் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"சார், சைக்கிள் பாத பிளான் பாக்கணும்."

"வெளியிட்டாத்தாம்மா காட்ட முடியும்."

"எப்ப சார் வெளியிடுவீங்க?"

"வேலை ஆரம்பிச்சதும்."

"வேல எப்ப ஆரம்பிப்பீங்க?"

"பிளான் வெளியானதும்."

சொல்லிவிட்டு எண்ணெய் விரலை மேஜைமேல் கிடந்த ஏதோ ஒரு மனுவில் துடைத்தார்.

"அப்ப மேடையில இன்னாத்தப் பிரிச்சுக் காட்டுனாரு?"

வாசலில் நின்ற பியூன் சிரித்துவிட்டான். "அது தண்ணி டாங்கி பிளானும்மா. அவசரத்துக்கு கையில கெடச்சத குடுத்தோம்."

கிளார்க்கும் சிரித்தார். அந்தக் காகிதத்துக்குத்தான் அண்ணன் விசில் அடித்திருந்தான்.

"அப்ப சைக்கிள் பாதைக்கு பிளானே கெடயாதா?"

"இருக்கு, இல்லன்னு எல்லாம் உங்கிட்ட சொல்ல முடியாதும்மா. நீ யாரு? எதுக்குக் கேக்குற?"

"செத்தவனோட தங்கச்சி."

இன்னொரு பஜ்ஜியை எடுத்தார். பிறகு, "பெரியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் பெரியவன் அவன்தான். அதை அந்த ஆளிடம் சொல்லப் பிடிக்கவில்லை. எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பியூன் வந்து, "எய்ந்துரும்மா, ஆபீசு மூடணும்" என்றான்.

"இருக்குதா இல்லையான்னு அவரு வாயால சொல்லட்டும். எய்ந்துக்கிறேன்."

கிளார்க் குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.