உசாந்தி கற்ற அரபு

சுனாமி உசாந்தியின் புருஷனைக் கொண்டுபோனது. அவள் அண்ணன் சுபாகரனின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. வாகரைக்குப் பக்கத்துக் கரையில் அந்தக் குடும்பத்தில் தப்பிய ஒரே குழந்தை உசாந்தியின் மகள் கிருஷாந்தினி. இரண்டு வயது.

முகாமில் இருந்தபோது சுபாகரன்தான் தங்கைக்குக் குவைத்துப் பயணத்தை ஒழுங்கு செய்தான்.

"நீ போயிட்டு வா தங்கச்சி. பிள்ளய நானும் மச்சாளும் கண்ணுக்குள்ள வச்சிப் பாக்கிறம்."

வெளிநாடு போகும் பெண்களுக்கு வாழைச்சேனையில் ஒரு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் கச்சி முகம்மது. "வலப்பக்கம் இருந்து எழுதுற பாஷை. ஒங்களுக்கு எழுத்து வேணாம். வா, போ, தண்ணி, சோறு தெரிஞ்சாப் போதும்" என்றார். தொண்டைக்குள்ளிருந்து இழுக்க வேண்டிய 'ஐன்' என்ற எழுத்து ஒருத்திக்கும் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கடல் வந்துபோன பிறகு உசாந்தி சிரித்தது அன்றுதான்.

குவைத்தில் வீட்டுக்காரியை 'மாமா' என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஊரில் மாமா என்றால் மீசை வைத்த ஆள், வாய் கூசியது. ஒருநாள் அந்த அம்மா 'பாக்கி' என்றதும் திடுக்கிட்டாள். மிச்சம் என்ற அதே பொருள்! வசூல், வக்கீல், மைதானம் எல்லாம் இவர்களிடமிருந்து வந்த சொற்களா என்று அதிசயப்பட்டாள். பிறகு சொற்களின் வேரைப் பிடித்துக்கொண்டாள். கிதாப் என்றால் புத்தகம், காதிப் எழுதுகிறவன், மக்தப் எழுதும் மேசை. பால் டின்களைப் பார்த்து எழுத்தும் கற்றாள். ஒரே எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு முகம், நடுவில் வேறு முகம், கடைசியில் இன்னொன்று.

ஊருக்குப் போன் எடுத்தால் சுபாகரன்தான் கதைப்பான். வாகரையில் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்த காலத்திலும் அவன் குரல் கேட்டது. பிள்ளையின் குரல்தான் கேட்கவேயில்லை.

"அவளுக்கு வெக்கம் தங்கச்சி. பிறகு கதைப்பாள்."

வருஷங்கள் போயின. இனிப் பொறுக்க முடியாது என்று வீட்டுக்காரியிடம் லீவு கேட்டாள். அன்று பின்னேரம் அவள் மல்லியிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்காரி தன் தங்கையிடம் போனில் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அகூஹா கால். அவளுடைய அண்ணன் சொன்னான். குல்லுஹும், எல்லோரும். மாத்தூ, செத்துப்போனார்கள். ஃபில் பஹர், கடலில்.

எல்லாம் தெரிந்த சொற்கள். சேர்த்துப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"இந்தி பிந்த்" என்றாள். எனக்கு மகள் இருக்கிறாள்.

வீட்டுக்காரி போனை வைத்துவிட்டு வந்தாள். லீவு கேட்காத ஆள் வேண்டுமென்று ஏஜென்சியில் கேட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். "ஆனால் ஒருவருமே இல்லை என்று சொன்னது உன் அண்ணன். பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது." முகம் பார்க்காமல் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தாள்.

உசாந்தி வந்திறங்கியபோது யுத்தம் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. அண்ணன் வீட்டு வாசலில் பள்ளிக்கூட உடுப்போடு நின்ற சிறுமி அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மா, ஆரோ வந்திரிக்காங்க."

மச்சாள் இலட்சுமிப்பிள்ளை வெளியே வந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "இது மாமி, மகள். வெளிநாட்டில இருந்த மாமி" என்று சிறுமியிடம் சொன்னாள்.

உசாந்தி, மச்சாளுக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்ர பிள்ள செத்திட்டெண்டு சொன்னியா அண்ணே?"

"ஆருமில்லாத ஆள்தான் வேணுமெண்டாங்க. அதான் சொன்னன்."

"நான் அங்க கனகாலம் கிடக்கவேணுமெண்டு ஒனக்கு என்ன தேவ?"

அவன் மனைவியைப் பார்த்தான். "இவள் சித்தம் கலங்கிக் கிடந்தவள். பிள்ள 'அம்மா' எண்டு கூப்பிட்ட பிறகுதான் சோறு திண்டாள்."

"அப்ப நான்?"



பிள்ளையை அன்று இழுத்துக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. வாழைச்சேனையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கிழமைக்குக் கிழமை போய்ப் பார்த்தாள். தானே உட்கார்ந்து மகளுக்கு உண்மையைச் சொன்னாள். ஒரு வருஷம் கழித்துத்தான் கிருஷாந்தினி அவளோடு வந்தாள். வந்தும் சிலவேளை வாய் தவறி 'மாமி' என்பாள். லீவு நாட்களில் மச்சாளைப் பார்க்க அழுவாள்; உசாந்தி பஸ் ஏற்றி அனுப்பிவைப்பாள்.

திரும்பக் கொண்டுவந்து விடுவது சுபாகரன்தான். வாசல் படலைவரைக்கும் வருவான். பிள்ளை உள்ளே வந்ததும் உசாந்தி கதவைச் சாத்திவிடுவாள்.