ஏழு இடது, ஐந்து வலது

இடது கை மணிக்கட்டு வரை ஷூவுக்குள் இருந்தது. வலது கை, கொக்கி வைத்த குத்தூசியால் தோலை மேலிருந்து குத்தி, உள்ளே இடது விரல்கள் பிடித்துக் காத்திருந்த நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்தது. இழுத்த வேகத்தில் நூல் 'சர்' என்று சத்தம் போட்டது. அந்த வேகம் வேலைக்குத் தேவையில்லை. கோபத்துக்குத் தேவைப்பட்டது.

தரையில் பலகை போட்டு மூடியிருந்த ஓட்டைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"மாடி! எட்டு பிரவுன், வார் வெச்சது! மாடி!"

கைகள் நிற்கவில்லை.

"அக்கா, கேக்குதா? இங்க ஒருத்தர் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு!"

"நிக்கட்டும். அது எப்படி இருக்கும்னு தெரியட்டும்" என்றாள் அவள், பலகையைப் பார்த்து. அடுத்த தையலுக்குத் தோலைக் குத்தினாள்.

அது பழைய ஷூ கடை. கீழே ஒடுக்கமான நீள அறை, இரண்டு வரிசை நாற்காலி, காலை மட்டும் காட்டும் சாய்ந்த கண்ணாடிகள். சரக்கு முழுவதும் மேலே. இரண்டையும் சேர்ப்பது மூலையில் ஓர் ஏணி, கூரையின் நடுவில் ஒரு சதுர ஓட்டை. விற்பனையாளர் அண்ணாந்து நம்பரைச் சொல்வார். ஓட்டை வழியே பெட்டி விழும். அவர் பிடிப்பார். பெட்டியைப் போடுகிறவள் இருபத்திரண்டு வருடமாக இவள்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் பெயர் 'மாடி' ஆகிவிட்டது. வீட்டில் கணவர்கூடக் கிண்டலாக, "மாடி கீழ இறங்கிடுச்சா?" என்றுதான் கேட்பார்.

வாடிக்கையாளர்கள் அவளைப் பார்த்ததில்லை. ஓட்டையில் தெரியும் இரண்டு கைகளைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவளும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உச்சந்தலைகள். வகிடு கோணலானவர், சாயம் வேரில் வெளுத்தவர், நாலு முடியை நாற்பதாக்கிச் சீவியவர். மேலே இருந்து பார்த்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று சொல்வாள்.

அந்தக் கடையில் விலைப்பட்டியலில் இல்லாத சில காரியங்கள் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. தெரிந்தவர் கேட்பார், கேட்டவருக்குக் கிடைக்கும். சர்க்கரை நோய்க்காரருக்கு உள்ளே இருக்கும் லேபிளைப் பிரித்து, முடிச்சுகளைச் சுத்தியால் தட்டிச் சமமாக்கித் தருவாள். பெருவிரல் எலும்பு துருத்தியவருக்கு அந்த இடத்தில் மட்டும் தோலை ஈரத்துணி வைத்து ஒரு ராத்திரி இழுத்து வைப்பாள். மணப்பெண்ணைவிடக் குள்ளமான மாப்பிள்ளைகளுக்குக் குதிகாலுக்குள் அரை அங்குலக் கட்டை வைப்பாள். அதைக் கடைசிவரை வெளியே சொல்லாமல் இருப்பதும் அந்த வேலையில் சேர்த்தி. தோல் வேலையை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கிழிந்து திரும்பி வந்த ஷூக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

இதிலெல்லாம் பெரியது ஒற்றை ஜோடி.

உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு காலும் ஒரே அளவு இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் வளராமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரிய கால் அளவுக்கு வாங்கி, சின்னக் காலின் ஷூவில் துணியைத் திணித்துக்கொண்டு நடப்பார்கள். துணி நகரும், கால் புண்ணாகும். மாடி என்ன செய்தாள் என்றால், இரண்டு பெட்டிகளைப் பிரித்தாள். கூரியர்காரர் ஒருவருக்கு இடது ஐந்து, வலது ஏழு. அவருக்கு ஐந்தாம் நம்பர் பெட்டியிலிருந்து இடதும், ஏழாம் நம்பர் பெட்டியிலிருந்து வலதும் போனது. மிச்சம் நின்றது இடது ஏழும் வலது ஐந்தும். அது இன்னொருவருக்கு அச்சாகப் பொருந்தும். கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மிச்சத்தை ஒரே பெட்டியில் போட்டு, பெட்டியின் முகத்தில் சுண்ணக்கட்டியால் மேலே ஏழு, கீழே ஐந்து என்று எழுதி உச்சிப் பலகையில் வைத்துவிடுவாள். இடது மேலே, வலது கீழே. அந்த இன்னொருவர் வரும்வரை பெட்டி காத்திருக்கும். சில பெட்டிகள் மூன்று வருடம் காத்திருந்தன. ஒன்றுகூட வீணானதில்லை.

கீழே இருக்கும் விற்பனையாளருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். கண்ணாடி போட்டிருப்பார், அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். அவர் ஒரு நம்பருக்குப் பதில் இரண்டு நம்பர் சொன்னால் மாடிக்குப் புரிந்துவிடும். மற்ற வாடிக்கையாளர் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அதில் உள்ள மரியாதை.

கூரியர்காரரின் மறுபாதி ஒரு பெண். தலையில் இரண்டு சுழி. மாடி அவளுக்கு 'ரெட்டைச்சுழி' என்று பெயர் வைத்திருந்தாள். எட்டு வருடமாக அவரும் அவளும் ஒரே இரண்டு பெட்டிகளைப் பங்கு போட்டு நடக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

போன வாரம் ரெட்டைச்சுழி வந்து, ஓட்டைக்கு நேர் கீழே நின்று, அவளாகவே மேலே பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி வாசல்ல காவல் வேலை கெடச்சிருக்கு. நாலு எடத்துல என் நடையப் பாத்துட்டே வேணாம்னுட்டாங்க. இங்க சரின்னுட்டாங்க. ஆனா கறுப்பு ஷூ, கயிறு கட்டுறது, கண்டிப்பா வேணுமாம். செருப்போட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம்னாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குச் சேரணும்."

"இருக்குடி. போன மாசமே உன் பங்கு வந்தாச்சு. சனிக்கிழமை நாலு மணிக்கு வா, பாலீஷ் போட்டு வெக்கிறேன்."

அப்படிச் சொன்ன சனிக்கிழமை இன்று.

கடையை இப்போது நடத்துவது முதலாளியின் மருமகன். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'. வந்து மூன்று மாதம். கம்ப்யூட்டர் வைத்தார், பெட்டிக்குப் பெட்டி கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். கெட்டவர் இல்லை. உழைப்பாளி. மாடியின் ஆத்திரத்துக்கு அதுதான் காரணம். சோம்பேறியாக இருந்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது.

மாடிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நேற்று அவள் கை எலும்பு முறிந்த தங்கை வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளை மேலே ஏறி, உச்சிப் பலகையில் கை வைத்தார். பெட்டியைத் திறந்தால் ஒரு ஷூ ஏழு, ஒரு ஷூ ஐந்து. அடுத்ததில் ஒன்பது, எட்டு. இருபத்தாறு பெட்டி, அத்தனையும் தப்பு. பாவம், படிக்காத பொம்பளை, நம்பர் பார்க்கத் தெரியாமல் கலந்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சரி செய்தார். ஜோடி சேர்ந்ததைச் சேர்த்தார். ஜோடி கிடைக்காததைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கினார். திருப்பி அனுப்பும் ஷூவை வழியில் யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மூக்கில் குறுக்கே கத்தியால் கீறுவது வழக்கம். கீறினார். நாற்பத்திரண்டு ஷூ. சாக்கில் கட்டி ஏணிக்கு அடியில் வைத்தார். கம்பெனி வண்டி சனிக்கிழமை ஐந்து மணிக்கு.

காலையில் உச்சிப் பலகை துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்ததைப் பார்த்ததும் மாடி ஏணியில் இறங்கி வந்தாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "பாத்தீங்களா? ஒரு நாள் பூரா ஒக்காந்து ஒழுங்குபடுத்திட்டேன். ஒரு தேங்க்ஸ் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

மாடி மேலே கை காட்டினாள்.

"பெட்டி மேல ரெண்டு நம்பர் எழுதியிருந்துச்சே, அது என்னன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அதான் தப்புன்னு எழுதி வெச்சிருக்கீங்கன்னு..."

"தப்பா? சார், அது ஆளு! ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆளு!"

அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இந்த மாதிரி ஒரு சேவை நம்ம லிஸ்ட்லயே இல்லயேம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டிக்கு ஒரு சைஸ்தான் ஏறும்" என்றார்.

"கம்ப்யூட்டருக்கு ரெண்டு காலும் ஒரே அளவா?"

மூலையில் கண்ணாடி தன் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடி அவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீ எங்க போன?"

"நான் சொல்லலாம்னுதான்க்கா... அவரு மும்முரமா இருந்தாரு..."

"கத்தி எடுத்துக் குடுத்தது யாரு?"

கத்தி வைக்கும் டப்பா எங்கே இருக்கிறதென்று அந்தக் கடையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நேற்று விடுமுறை.

கறுப்பு, கயிறு கட்டும் ஷூவில் ஐந்தாம் நம்பரும் ஏழாம் நம்பரும் கடையில் இனி ஒன்றுகூட இல்லை. அந்த ரகத்தையே கம்பெனி நிறுத்திவிட்டது. ஆக, ரெட்டைச்சுழியின் கால் இரண்டும் சாக்கில்தான் இருந்தன. மாடி சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். இடது ஏழு, வலது ஐந்து, தோலுக்காக மூன்றாவதாக ஒரு பத்து. மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, ஓட்டையின் மேல் பலகையை இழுத்து மூடினாள். இருபத்திரண்டு வருடத்தில் கடை நேரத்தில் அந்த ஓட்டை மூடியது அன்றுதான்.

கீறலை ஒட்டிப் பிரயோசனமில்லை. நடக்க நடக்க வாய் பிளக்கும். உள்பக்கம் மெல்லிய தோல் வைத்து ஒட்டி, மேலே கீறலை மறைக்கும்படி மூக்குக்குத் தனியாக ஒரு தொப்பி போலத் தோல் போட்டுத் தைக்க வேண்டும். பத்தாம் நம்பரின் பக்கத் தோலை வெட்டினாள். விளிம்பைக் கத்தியால் சீவி மெலிதாக்கினாள். இரண்டு ஷூவுக்கும் ஒரே அளவுத் தொப்பி வைத்தால் சின்னது இன்னும் சின்னதாகத் தெரியும். ஐந்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம் கூட்டி, ஏழுக்கு ஒரு நூல் குறைத்தாள். தைப்பதற்கு முன் இரண்டையும் தரையில் வைத்து, நிமிர்ந்து நின்று, நேர் மேலிருந்து பார்த்தாள். அவளைவிட யாருக்கு அப்படிப் பார்க்கத் தெரியும்? சரியில்லை. ஐந்தின் தொப்பியை மறுபடி கொஞ்சம் சீவினாள். பார்த்தாள். இப்போது இரண்டும் ஒரே ஜோடி.

பிறகுதான் குத்தூசியை எடுத்தாள். சனிக்கிழமைக் கூட்டம் கீழே சேரச் சேர, கோபத்தில் முதலில் போட்ட நாலு தையல் கோணலாகிவிட்டதைக் கண்டு, தன்னையே திட்டிக்கொண்டு, அவற்றைப் பிரித்தாள். கோபம் தன்னுடையது, ஷூ வேறொருத்தியுடையது.

மூன்றரைக்கு ஏணி கிறீச்சிட்டது. மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. வேர்த்திருந்தார்.

"என்னம்மா இது? கீழ பதினெட்டு பேரு. ரெண்டு மணி நேரமா நானும் அவரும் ஏணியில ஏறி ஏறி எறங்குறோம். எது எங்க இருக்குன்னே தெரியல."

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே."

"பெட்டியில ஒட்டியிருக்கேன். பலகையில ஒட்டல."

"ஓ" என்றாள் அவள். நூலை இழுத்தாள்.

"இது வேல நேரம்."

"வேலதான் செய்றேன்."

"கம்பெனிக்குப் போற மாலு அது. கணக்குல இல்லாத ஷூவ எப்படி வெளிய குடுக்குறது?"

அவள் தலையைத் தூக்கினாள். "சார், நேத்து நீங்க மத்தியானம் சாப்பிடாம இருந்து நாப்பத்தி ரெண்டு காலக் கீறியிருக்கீங்க. நான் இன்னிக்குச் சாப்பிடாம ரெண்டு காலத் தெக்கிறேன். இத நாலு மணிக்கு ஒருத்தி கேட்டு வருவா. கம்ப்யூட்டர்ல இல்லன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் பலகையத் தெறக்குறேன், மேல இருந்து பாக்குறேன். நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு கேக்கணும்."

அவர் ஏணியில் நின்றபடியே ஐந்தின் மூக்கில் ஓடும் தையலைப் பார்த்தார்.

"மீதி நாப்பது?" என்றார், குரல் இறங்கி.

"முப்பத்தொம்பது. ஒண்ண நான் வெட்டிட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வண்டிய வேணாம்னு சொல்லுங்க. சாக்கு மேல வரட்டும். தெக்க முடிஞ்சதத் தெக்கிறேன். முடியாததுக்கு வந்து நிக்கிறவங்ககிட்ட மன்னிப்பு நீங்க கேக்கணும். நான் கேக்க மாட்டேன். எனக்கு இன்னும் கோவம் போகல."

அவர் இறங்கினார். கீழே போனில் பேசும் குரல் கேட்டது: வண்டி இன்று வேண்டாம்.

நாலு மணிக்கு அவள் கயிறு கோத்து, பாலீஷ் தேய்த்து, இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பெட்டியின் முகத்தில் சுண்ணக்கட்டியால் எழுதினாள். பலகையை நகர்த்தினாள்.

கீழே உச்சந்தலைகளின் கூட்டம். நடுவில், நாற்காலியின் நுனியில், இரண்டு சுழி. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் காலுறையுமாக எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழக்கம்போல இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு ஓட்டைக்கடியில் வந்து நின்றார்.

"நீ தள்ளு. சார் வரட்டும்."

மாப்பிள்ளை வந்தார். அவர் இதுவரை பெட்டி பிடித்ததில்லை. ஒரு கையை நீட்டினார்.

"ரெண்டு கையும். இதத் தூக்கிப் போட மாட்டேன்."

மாடி தரையில் குப்புறப் படுத்து, தோள் வரை இரண்டு கைகளையும் ஓட்டை வழியே இறக்கினாள். மாப்பிள்ளை குதிகாலைத் தூக்கி நின்று பெட்டியின் அடியைத் தொட்டார். அவள் விடவில்லை.

"என்ன எழுதியிருக்கு? படிங்க."

கடை முழுவதும் அண்ணாந்து பார்த்தது.

"ஏழு... அஞ்சு."

"எது எந்தக் கால்?"

அவர் ரெட்டைச்சுழியின் கால்களை ஒருமுறை பார்த்தார். காலையில் அவள் விளக்கியதை நினைவுபடுத்திக்கொண்டார்.

"ஏழு இடது. அஞ்சு வலது."

மாடி கையை விட்டாள்.