குளவிக்குச் சுண்ணாம்பு

காலை பத்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வெள்ளைப் புள்ளிகள்தான். நெற்றி, கன்னம், காது, கழுத்து... எங்கும் சுண்ணாம்பு. அதற்கடியில் வீங்கிப்போன ஒரு முகம் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

பிரஷர் மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் லொறி வாசலில் நின்றது. கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்துவிட்டதாம். இரண்டு பெண்கள் இறங்கினார்கள். கொட்டு வாங்கிய லோகு. அவரைத் தாங்கிப் பிடித்தபடி, கூடவே கொழுந்து எடுக்கும் புஷ்பம்.

தாதி பஞ்சை நனைத்துச் சுண்ணாம்பைத் துடைக்கப் போனார். புஷ்பம் தடுத்தார்.

"துடைக்காதீங்க மிஸ். எண்ணி எண்ணி வச்சது. முப்பத்தெட்டு."

டொக்டர் இளைஞர். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். சுளிக்கவில்லை. எத்தனை கொட்டு என்பதுதான் தனக்கு முதலில் தெரிய வேண்டும் என்றார். ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். லோகுவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார்.

கண்ணைத் திறக்க முடியாத லோகு முனகினார். "மூஞ்சி பூரா கோலம் போட்டுட்டியாடி?"

"ஆமா, இந்த வருஷம் மார்கழி முன்னாடியே வந்திருச்சு. பேசாம படு."

சுண்ணாம்பு வேலை செய்யுமா என்று டொக்டரைக் கேட்டேன். இல்லை என்றார். அவ்வளவுதான்.

பிறகு எதற்கு? புஷ்பத்திடமே கேட்டேன்.

"லொறி வர முக்கால் மணி நேரமாச்சுங்க. அதுவரைக்கும் பார்த்துக்கிட்டேவா நிக்கிறது?"

யோசித்துப் பாருங்கள். குளவிக்குச் சுண்ணாம்பு, தேளுக்கு வெங்காயம், வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர்... இதில் நோய்க்காக வந்த வைத்தியம் எத்தனை, தூரத்துக்காக வந்தது எத்தனை? ஆஸ்பத்திரிக்கு எதிரே குடியிருப்பவர்கள் சுண்ணாம்பைத் தேடி நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணியளவில் லோகுவின் மூச்சு சீரானது. இனிப் பயமில்லை என்றார் டொக்டர். அதைக் கேட்ட பிறகுதான் புஷ்பம் சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தலை சுற்றுகிறதாம். காலையிலிருந்து வெற்றிலை போடவில்லை, அதனால் இருக்கும் என்றார். தாதி அவரை மறைப்புக்குள் அழைத்துப் போனார். உடனே டொக்டரைக் கூப்பிட்டார்.

புள்ளி இருப்பவர் நோயாளி, இல்லாதவர் துணைக்கு வந்தவர் — அங்கிருந்த எல்லோரும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம். பார்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நானும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று தாதி கேட்பது மறைப்புக்கு வெளியே கேட்டது.

"நம்ம முதுகு நமக்கு எங்க மிஸ் தெரியுது? சுண்ணாம்பும் அவளுக்கே சரியாப் போச்சு."

தாதி எண்ணி எழுதினார்: பதினான்கு.