வெள்ளரிப் பிஞ்சும் ரோஜா இதழும்

என் கணவர் கத்தாரில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில் லீவில் இலுப்பூருக்கு வருவார். போன வருடம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில், இந்த முறை வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய் போட்டு வை என்றார். வெள்ளரியில் யாராவது ஊறுகாய் போடுவார்களா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கேம்ப் மெஸ்ஸில் ஒரு சிரியாக்காரர் சமைத்தாராம். எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் சேர்க்காமல், முழுப் பிஞ்சை வினிகரில் ஊறவைத்து, பட்டை கிராம்போடு ரோஜா இதழும் போடுவாராம். கடித்தால் நறுக்கென்று இருக்கும், வாயெல்லாம் மணக்கும் என்றார். அளவு கேட்டேன். தெரியாதாம்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அளவு தெரியாமல் எதையும் தொடங்கப் பிடிக்காது. ஆனாலும் மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், மாலையில் வீட்டில் நான் மட்டும்தான், செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதல் தடவை போர் தண்ணீரில், கொஞ்சம் வினிகரும் பாக்கெட் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து ஊற்றினேன். நான்காம் நாள் தண்ணீர் கலங்கி, பிஞ்சு கொழகொழவென்று ஆகிவிட்டது. வாசனையும் சரியில்லை. வாழை மரத்தடியில் கொட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னதும், ஏதோ ஒரு விதை போடுவார், சோம்பு மாதிரி, ஆனால் தட்டையாக இருக்கும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் சொன்னார். யூடியூபில் தேடி அது சதகுப்பை என்று கண்டுபிடித்தேன். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டால், கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "யாருக்கும்மா பிள்ளை பெறந்திருக்கு?" என்றார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தாம் அது. ஊறுகாய்க்கு என்று சொன்னேன். அவர் நம்பினமாதிரி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, மகள் நல்லா இருக்காளா, காலேஜுக்கு ஒழுங்காப் போறாளா என்று சுற்றிவளைத்து விசாரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் தடவை கேன் தண்ணீர், கல்லுப்பு. பிஞ்சின் பூ உதிர்ந்த நுனியைச் சீவிவிட்டால் கொழகொழக்காது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதையும் செய்தேன். பிஞ்சு நறுக்கென்றுதான் நின்றது. ஆனால் மாலை கட்டும் கடையில் வாங்கிய ரோஜா கெடுத்துவிட்டது. எத்தனை முறை கழுவியும் அதில் பூச்சிமருந்து வாடை போகவில்லை. அதுவும் வாழை மரத்தடிக்குப் போனது.

மூன்றாம் தடவை, புதுக்கோட்டையிலிருந்து வரும் சக டீச்சர் தன் வீட்டுச் செடியில் பூத்த பன்னீர் ரோஜாவை டிபன் டப்பாவில் கொண்டுவந்து தந்தார். வீணாக்க மனமில்லாமல் மொத்தத்தையும் போட்டுவிட்டேன். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீரைக் குடித்தமாதிரி இருந்தது.

இதற்கிடையில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாட்டிலைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லுவார். நிறம் அப்படி இல்லையே என்பார். கிராம்பு அதிகமோ என்பார். அங்கே உட்கார்ந்துகொண்டு கண்ணாலேயே ருசி பார்க்கிற மனிதரை என்ன செய்வது? பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்தும் வேலைக்குப் போய்விட்டு, பஸ்ஸில் நின்றபடி வந்து, வேர்க்க வேர்க்க அடுப்படியில் வினிகர் நெடியில் இருமிக்கொண்டு நின்றவள் நான்.

நான்காவது பாட்டில் எனக்கே பிடித்துப்போனது. ரோஜா நாலே இதழ், ஒரு அன்னாசிப்பூ, கிராம்பு இரண்டு, கொத்தமல்லி விதை, சதகுப்பை. அளவெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். அவர் வந்த மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில், தயிர் சாதத்துக்குப் பக்கத்தில் இரண்டு பிஞ்சை வைத்தேன். ஒன்றைக் கடித்து, மெதுவாக மென்று, நல்லாருக்கு என்றார். விருந்தாளி சொல்கிறமாதிரி சொன்னார். இரண்டாவதைத் தொடவில்லை.

"அந்த ருசி வருதாங்க?" என்று கேட்டேன்.

தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அந்த ஆளு வேற கேம்புக்குப் போயி மூணு வருசம் ஆச்சு. எப்படி இருந்துச்சுன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். அப்படியானால் நிறம் பத்தாது, கிராம்பு அதிகம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இல்லாட்டி ஒங்கிட்ட என்ன பேசுறதாம்? பீஸ் கட்டியாச்சா, மோட்டார் ஓடுதா, அம்புட்டுத்தான். இது போட ஆரம்பிச்சதுலருந்து ஒரு மணி நேரம் பேசுனோம்ல."

உருகியிருக்க வேண்டியவள்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. பேச ஆசைப்பட்டால் பேசியிருக்கலாமே, அதற்கு என்னை இரண்டு மாதம் அடுப்படியில் நிற்க வைப்பார்களா? அதை அவரிடமே கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்று சாயங்காலம்வரை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

மீதிப் பாட்டிலைப் பள்ளி திறந்ததும் ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோனேன். ஒரே மத்தியானத்தில் காலி செய்துவிட்டு அளவு கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். சந்தோஷப்படவும் தோன்றவில்லை.

அவர் திரும்பிப் போய் மூன்று வாரம் இருக்கும். விராலிமலைக்காரர் ஒருவர் லீவு முடிந்து கத்தார் திரும்புகிறார், அவரிடம் அந்த ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். சாப்பிட்டது ஒன்றே ஒன்று, அதன் ருசி இப்போது நாக்கிலேயே நிற்கிறதாம்.

"பிஞ்சு வரத்து நின்னுபோச்சுங்க" என்றேன். பொய் இல்லை. சந்தையில் அப்போது முற்றின காய்தான் வந்தது. ஆனால் பிஞ்சு வந்திருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். சரி, பார்த்துக்கொள்வோம் என்றார். அன்று பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. போனை வைத்த பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அது அவர்மேலா என்மேலா என்றுதான் பிடிபடவில்லை.