குப்புறப் படுத்த செயலாளர்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். வாடிக்கையாளர் உட்காரும் முன்பக்கமெல்லாம் ஒரே விளக்கும் வெளிச்சமும்தான். தடுப்புக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி அறை. அதில் அவளும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும். சீட்டில் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்து, லென்ஸில் மூன்று மைப்புள்ளி வைத்து, பிரேமின் அளவுக்குத் தேய்த்து, பிரேமைச் சூடு காட்டி இளக்கி உள்ளே அழுத்துவாள். சாய்வு கொஞ்சம் தப்பினால் போதும், போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. அவள் கையிலிருந்து தப்பான லென்ஸ் ஒன்றுகூட வெளியே போனதில்லை.

ஆனால் யாராவது கவுன்டரில் நின்று, "உள்ள என்ன தூங்குறாளா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. அந்தப் புண்ணியவானின் கண்ணாடிக்கு மட்டும், காதுக்குப் பின்னே வளைகிற பாகத்தை ஒரு மயிரிழை கூடுதலாக இறுக்கிவிடுவாள். மூன்றாம் நாள் அவரே காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வருவார். "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்பார். "அடடா, உக்காருங்க" என்று இவளும் தளர்த்திக் கொடுப்பாள். அவளுக்கு மன்னிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் எதிராளி கொஞ்சம் காதைத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டியவன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்ப் பதினாறு வருடமாகிறது. அன்றிலிருந்து அக்காவும் அவளும் ஒரே வீடு. அக்கா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் செக்கர். ஒரு தையல் பிரிந்திருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். குணத்தில் தங்கைக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் "ம்" என்பாள். அவள் குரல் உயர்ந்து பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை.

இரண்டு பேரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தது 'பதினோராம் பிரிவு' என்ற தொலைக்காட்சித் தொடர். உளவு பார்க்கும் ஒரு ரகசிய அலுவலகத்தின் கதை. அதன் தலைவர் கர்னல் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்தால், முந்தின நாள் அந்த அறையில் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்கும். அவருக்குக் கீழே 'ஒன்பது' என்று ஒருத்தி. அவள் ஊதினால் எந்தப் பூட்டும் திறந்துகொள்ளும். பிரிவுக்குள்ளேயே இருந்துகொண்டு எதிரிக்குத் துப்புக் கொடுக்கும் துரோகி யார் என்பதுதான் தொடர் தொடங்கிய நாளிலிருந்து கேள்வி. இடையிடையே தியேட்டரில் ஒரு சினிமாவும் வரும். சினிமாவில் இடிந்த கட்டடம் அடுத்த வாரத் தொடரில் இடிந்தபடியே கிடக்கும். இதைப் பார்க்காதவனுக்கு அது விளங்காது, அதைப் பார்க்காதவனுக்கு இது விளங்காது.

அதனால்தான் ரசிகர் மன்றம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினோரு பேர் கூடுவார்கள். மன்றத்தின் செயலாளர் ஜெராக்ஸ் கடைக்காரரேதான். அந்தப் பதவிக்கு அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. ஹால் அவருடையது, நாற்காலி அவருடையது, எனவே செயலாளரும் அவரே. நல்ல மனுஷர்தான். ஆனால் எந்த விஷயமானாலும் உலகத்துக்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கர்னல் என்றால் உயிர். கர்னலைப் போலவே மீசையை நறுக்கி வைத்திருந்தார். அவருக்கு அது பொருந்தவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில், காலை மேலே கட்டித் தொங்கவிட்டுக் கிடந்த அதே வாரம் இரண்டாவது படம் வந்தது. எதிரிகளிடம் அகப்பட்ட ஒன்பது பிழைப்பாளா என்ற இடத்தில் தொடரை நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது என்றால் அக்காவுக்கு அத்தனை பிரியம். "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும்" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பதினேழு நாள் செல்போனைத் தொடவில்லை. வார்டில் நர்சுகள் சினிமாப் பேச்சு எடுத்தால் காதைப் பொத்திக்கொண்டாள்.

பதினெட்டாம் நாள் ஆறு ஆப்பிளோடு செயலாளர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி எப்படி, டாக்டர் எப்படி என்று விசாரித்துவிட்டு, எழுந்திருக்கும்போது, "பாவம், ஒன்பது இப்படிச் சாவாள்னு நான் நினைக்கவே இல்லை" என்றார். அக்காவால் காதைப் பொத்தவும் முடியவில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

தங்கைக்கு அன்றைக்குப் பற்றியது இன்றுவரை அணையவில்லை. அக்காவோ, "வேணும்னேவா சொன்னார்? போகட்டும்டி" என்பதோடு முடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபிறகு ஊன்றுகோலோடு மன்றத்துக்கும் போனாள், அவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் கொடுத்த டீயையும் குடித்தாள். இதற்கு மேல் செயலாளர் சுவரில் ஒரு விதியும் ஒட்டினார்: 'கடைசி உறுப்பினர் படம் பார்க்கும்வரை எவரும் கதையைப் பேசக் கூடாது.' எவ்வளவு பெரிய எழுத்து! அதை ஒட்டும்போது ஆஸ்பத்திரிக் கட்டில் அவருக்கு நினைவுக்குக்கூட வரவில்லை. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்றாவது படம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை செயலாளருக்குக் கண்ணில் ஆபரேஷன். விழித்திரை விலகிவிட்டதாம். கறுப்புக் கண்ணாடி வாங்க வந்த அவர் மனைவிதான் கடையில் சொன்னாள்.

"உள்ள காத்து மாதிரி என்னமோ நிரப்பியிருக்காங்கம்மா. பத்து நாள் குப்புறவே படுக்கணுமாம். சாப்பிடறப்பகூடத் தலை நிமிரக் கூடாதாம். படம் போச்சேன்னு ஒரே புலம்பல்."

"அடப்பாவமே" என்றாள் அவள். உள்ளுக்குள் சர்க்கரை கொட்டினாற்போல் இருந்தது. குப்புறப் படுத்தவன் எழுந்து ஓட முடியாது. காது மட்டும் திறந்துதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு முதல் காட்சி பார்த்தாள். படம் முடிந்து வெளியே வந்தும் இரண்டு பேராலும் நம்ப முடியவில்லை. முடிவு அப்படி. இதை அப்படியே போய் அந்த மனுஷன் முதுகில் கொட்டிவிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்தாள். பிறகு வேறு யோசனை வந்தது. உண்மையைச் சொன்னால், "இதை நான் அப்பவே ஊகிச்சேன்" என்று தப்பித்துக்கொள்வார். இன்னும் ஆழமாக இறங்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். எண்ணிப் பார்த்து ஆறு. செயலாளர் கட்டிலில் குப்புறக் கிடந்தார். இரண்டு தலையணைக்கு நடுவே முகம் புதைந்திருந்தது. தெரிந்ததெல்லாம் வழுக்கையும் பனியனும்தான்.

"வாங்கம்மா, வாங்க. படத்தைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

"சேச்சே, நான் எதுக்கு சார் சொல்றேன்? உடம்பு எப்படி இருக்கு? டாக்டர் நல்லாப் பார்க்கிறாரா?"

கால் மணி நேரம் உட்கார்ந்து மனைவி கொடுத்த காபியைக் குடித்தாள். எழுந்து வாசல்வரை போய், திரும்பி நின்றாள்.

"பாவம் சார் கர்னல். அந்தக் கலங்கரை விளக்கத்துல அப்படி அநாதையாச் சாவார்னு நான் நினைக்கவே இல்லை."

படத்தில் கலங்கரை விளக்கமே கிடையாது. கர்னல் சாகவும் இல்லை.

செயலாளரின் முதுகு ஒருமுறை தூக்கிப் போட்டது. தலையணைக்குள்ளிருந்து, "எப்படி?" என்று ஒரு குரல் வந்தது. அவள் சொன்னாள். விளக்கை அணையவிடாமல் கர்னல் கையால் பிடித்துக்கொண்டு நின்றதை, கடல் உள்ளே வந்ததை, கடைசியாக ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒன்பதின் பழைய குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியதை. தனக்கு இவ்வளவு கற்பனை வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. செயலாளரின் தோள் குலுங்கிற்று. மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தப் பொய்க்குக் காவல் அவர் விதியே. கடைசி உறுப்பினர் பார்க்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசி உறுப்பினர் அவர்தான். பத்து நாள் போனது, அப்புறமும் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மன்றத்தில் பொறுமை தீர்ந்தது. உறுப்பினர்களான பல் ஆஸ்பத்திரி நர்சும் கல்லூரி வாத்தியாரும் மாறி மாறிப் போன் செய்து, "பார்த்தாச்சா சார்?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று எத்தனை நாளைக்குத்தான் அவர் சொல்வார்? ஒரு நாள், "பார்த்தாச்சு. மச்சான் கூட்டிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் போனில் அதைச் சொன்னபோது அவள் லென்ஸ் இயந்திரத்தையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு செயலாளர் மேடையேறினார்; மேடை என்றால் ஒரு மேஜை.

"பேசறதுக்கு முன்னாடி, மறைந்த கர்னலுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிக்கணும்."

எல்லாரும் எழுந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே. வாத்தியார் மட்டும், இதில் ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டினார். அக்காவும் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றாள். முழுதாக ஒரு நிமிடம். பிறகு செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தைத் தொடங்கினார். அவள் சொல்லாத மழையையும் இடியையும் சேர்த்துக்கொண்டார். தியேட்டரே அழுததாகச் சொன்னார்.

"எந்தக் கலங்கரை விளக்கம் சார்?" என்றாள் நர்ஸ்.

"கடைசியில வருதேம்மா."

"கடைசியில ஏர்போர்ட்தான் வருது. கர்னல் எங்க செத்தார்? நீங்க எந்தப் படத்துக்குப் போனீங்க?"

பின்வரிசையில் ஒருவர் பொங்கிச் சிரித்தார். அடுத்து ஹாலே சிரித்தது. செயலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மெல்லத் திரும்பிப் பார்த்தார். இதற்காகத்தானே மூன்று வருடம்! அவள் எழுந்தாள்.

"ஆமா சார், நான்தான் பொய் சொன்னேன். எங்க அக்கா ஆஸ்பத்திரியில காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கிடந்தப்ப, ஆப்பிளைக் குடுத்துட்டு ஒன்பது செத்துட்டாள்னு சொன்னீங்களே, அதுக்கு. எல்லார் முன்னாலயும் அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

செயலாளர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது.

"அப்ப... கர்னல் சாகலையா?"

"சார், நான் என்ன கேட்கிறேன்..."

"சாகலை! உயிரோடதான் இருக்கார்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார், வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு வாரமா நான் சரியாச் சாப்பிடலை தெரியுமா? ஆஸ்பத்திரியா? நானா சொன்னேன்? இருக்கும்மா, ஞாபகமே இல்லை. தப்பாயிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. இப்பவே போறேன், அஞ்சு மணிக் காட்சி இருக்கு. யாரும் வாயைத் திறக்காதீங்க!"

வெட்கமா, அவமானமா, ஒரு துளி இல்லை. மீசையைக்கூட ஒருமுறை வருடிக்கொண்டார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மூன்று வருடம் மனசுக்குள் வைத்துத் தீட்டியது அந்த மனுஷன் மேல் படக்கூட இல்லை. அவள் வாயாலேயே அவருக்கு ஒரு நல்ல செய்தியைக் கொடுத்து அனுப்பியதாக ஆயிற்று. அழுகை வந்தது.

செயலாளர் கதவில் கை வைத்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"செயலாளர் சார், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்கம்மா."

"கர்னல் சாகலை. அந்தத் துரோகியே அவர்தான்." சீருடையில் பிரிந்த தையலைக் காட்டுகிற அதே குரல். "சுவத்துல கை வெச்சா எல்லாம் கேட்கிற மனுஷனுக்கு இத்தனை வருஷமா ஆள் அகப்படலைன்னா வேற யாரு? ஒன்பதைக் கொன்னதும் அவர்தான். பின்னாலேருந்து."

விதியை மீறிவிட்டீர்களே என்று அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. செயலாளர் கதவை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மீசையைக் கையால் மூடிக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை என்று நர்ஸ் பிறகு சொன்னாள். அக்கா பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். அப்புறம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "வாடி, போகலாம்" என்றாள்.

படியில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். தங்கையின் தோளில் அக்காவின் கை.

"போகட்டும்னு சொல்லிட்டே இருந்தியேக்கா" என்றாள் தங்கை.

அக்கா அடுத்த படியில் ஊன்றுகோலை வைத்து, அது சரியாக நின்றதா என்று பார்த்துக்கொண்டாள்.

"உண்மையே கையில இருக்கறப்ப, பொய் எதுக்குடி சொன்னே? மூணு வாரம் வீணாப் போச்சு."